இறக்கி வைக்க ஓர் இடம்

பெயின்டர் புதுக் கொட்டகையின் சுவரில் ‘சுப நிகழ்ச்சிகளுக்கு மட்’ என்பது வரைக்கும் எழுதிவிட்டு, பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டிருந்த நேரத்தில் லூர்துராணி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை இருக்கும். கல்லூரி விடுதியின் ஸ்டோரில் நாள் முழுக்க அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் காவல் நின்றுவிட்டு வருகிற களைப்பில், அந்த எழுத்து முதலில் அவள் புத்தியில் ஏறவில்லை. நீலம் நல்ல நீலமாக இருக்கிறதே என்றுதான் பட்டது. நாலு எட்டு நடந்த பிறகு நின்றாள். திரும்பி வந்து இன்னொரு தடவை படித்தாள்.

“யாருங்க இதை எழுதச் சொன்னது?”

“தலைவர் சார்தாங்க.” பெயின்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். “ஏம்மா, எழுத்துப் பிழை எதுவும் இருக்குங்களா?”

சீட்டில் ஜெய்சங்கரின் கையெழுத்துதான். குண்டு குண்டாக, ஒழுங்காக. ‘சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டும். இப்படிக்கு, குடியிருப்போர் நலச் சங்கம்.’ லூர்துராணி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பாவம், இந்த ஆளிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. “பிழையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நீங்க எழுதுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அப்படிச் சொன்னதற்காக வீடு வந்து சேர்வதற்குள் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

அந்தக் கொட்டகை யாருக்காகக் கட்டியது என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பொன்மலைப்பட்டிப் பக்கம், டிரான்ஸ்பார்மர் நிற்கிற முக்கில், மனை பிரித்தவர்கள் பூங்காவுக்கென்று விட்டு, பூங்கா வராமல் முப்பது வருஷமாகக் கருவேலம் மண்டிக் கிடந்த துண்டு நிலம். அதில் மூன்று பக்கம் சுவர், மேலே தகரக் கூரை, முன்பக்கம் திறந்தபடி இரண்டு தூண். கதவு வேண்டாம் என்று லூர்துராணிதான் பிடிவாதமாகச் சொன்னாள். கதவு என்று ஒன்று இருந்தால் சாவி என்று ஒன்று வரும், சாவி வந்தால் அது யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அமிர்தசாமி ஜி.எச்.சில் இறந்துபோனார். காலை பதினொரு மணி. பதினைந்து வருஷமாக வாடகைக்கு இருந்த போர்ஷன். மேல் போர்ஷனில் வீட்டுக்காரர் ஜெய்சங்கர். வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது ஜெய்சங்கர் கேட்டுக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். தப்பாக நினைக்கக் கூடாது, வீட்டுக்குள் மட்டும் வேண்டாம், நாளைக்கு வேறு ஆள் குடிவர யோசிப்பார்கள் என்று, அழுதுவிடுவார் போன்ற குரலில் சொன்னார். அந்தக் குரலைத்தான் லூர்துராணியால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒருத்தரை வாசலோடு திருப்பி அனுப்புகிறவருக்கு அழுகை எதற்கு?

வண்டி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றது. தெரு ஜனம் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள், பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. சாமியார் சாலையிலேயே நின்று ஜெபம் சொன்னார். நடுவில் பால் வண்டிக்கு வழிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒட்டிய பிளாஸ்திரி அமிர்தசாமியின் கன்னத்தில் அப்படியே இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரில் முகத்தைத் துடைத்துவிடலாம் என்று லூர்துராணி ஏறப் போனாள். “இன்னொரு கேஸ் இருக்கும்மா, கிளம்பணும்” என்றார் டிரைவர். நாற்பது நிமிஷம். அந்தப் பிளாஸ்திரியோடுதான் அமிர்தசாமி கல்லறைக்குப் போனார்.

அதற்கப்புறமும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வேறு எங்கே போவது? போகிற வீட்டிலும் வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார், அவருக்கும் கைகூப்பத் தெரிந்திருக்கும்.

போன வருஷம், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளை, தெருவாசிகள் சேர்ந்து செய்கிற சின்ன வேலைகளுக்குப் பணம் தருவதாக விடுதி அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘நம்ம தெரு நிதி’ என்று பெயர். ஐம்பதாயிரம் ரூபாய் வரைக்கும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘இந்த வேலை உங்கள் தெருவில் யாரை யாரோடு சேர்த்துவைக்கும்?’ லூர்துராணி இரண்டு நாள் யோசித்து, சுற்றி வளைக்காமல் எழுதினாள். எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர் இறந்தால் உடலை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் யாரும் யாருக்கும் கடைசியாக முகம் பார்க்க முடிவதில்லை. இறந்தவரை இரண்டு மணி நேரம் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். இருப்பவர்கள் உட்கார நான்கு பெஞ்சு வேண்டும்.

அறக்கட்டளையிலிருந்து அனிஷா என்ற பெண் போன் செய்தாள். “ஆன்ட்டி, வந்த அப்ளிகேஷன் எல்லாம் செவுத்துல படம் வரையறது, மாடித் தோட்டம், இப்படித்தான். உங்களோடத ஆபீஸ்ல எல்லாரும் கைமாத்திக் கைமாத்திப் படிச்சாங்க” என்றாள். லூர்துராணிக்கு அன்றைக்கு ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

சங்கத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தலைவர் வேறு யார், ஜெய்சங்கர்தான். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்; அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்து முப்பது வருஷம் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு, கடைசியில் வீடு கட்டி நாலு போர்ஷன் இறக்கியவர். விண்ணப்பத்தை முழுசாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “நல்ல காரியந்தான்” என்று கையெழுத்தும் போட்டார். எண்பத்தேழு குடும்பம் என்று அவர்தான் எண்ணிக்கையைச் சொன்னார். அதில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பம்.

கட்டியது அந்தப் பாதிதான். கொத்தனார் அப்துல் ரஹீம், ஏழாம் நம்பர் மாடியில் வாடகைக்கு இருப்பவர், எட்டு ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் வேலை செய்தார். பெண்கள் ஜல்லி சுமந்தார்கள். தரை போட்ட அன்று, கழுவினால் தண்ணீர் தேங்காமல் தெருப்பக்கம் ஓடவேண்டும் என்று ரஹீம் மட்டப்பலகையை வைத்து வைத்துப் பார்த்து வாட்டம் கொடுத்தார். லூர்துராணியின் பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பீமராவ், ஜங்ஷன் பக்கம் ஓட்டலில் கேஷியராக இருந்தவர், எழுபத்திரண்டு வயசு, ஒரு வேலையும் செய்ய முடியாத உடம்பு. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, புதுத் தரையில் பாத்தி கட்டி, ஹோஸ் பிடித்துப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினார். யாராவது கேலி செய்தால், “காயவிட்டா தரை வெடிச்சிடும்ப்பா. அவசரப்படக் கூடாது” என்பார். இப்போது அவர் ஜி.எச்.சில் கிடக்கிறார், ஒன்பது நாளாக. கல்லீரல் என்றார்கள். விருப்பப்பட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு என்று டாக்டர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அவர் சம்சாரம் துளசிபாய் நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்க வந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ராணி, அப்படி ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா... அங்க வைக்கலாம்ல?”

“வைக்கலாம்க்கா. அதுக்குத்தானே கட்டினோம்” என்று சொல்லி அனுப்பினாள் லூர்துராணி. சொல்லி இருபத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

கைப்பையை வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் மாடியேறினாள். ஜெய்சங்கர் ஹாலில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைத் திறப்புவிழா அழைப்பிதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மைதிலி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சின் வாசனை தெரிந்தோ என்னவோ, உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

“செவுத்துல எழுதியிருக்கே சார். அது எப்ப முடிவு பண்ணுனது?”

“போன ஞாயிறு மீட்டிங்ல தீர்மானம் போட்டோம்மா. நான் மட்டும் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க. வளைகாப்பு வைக்கலாம், பொறந்தநாள் வைக்கலாம், சாயங்காலம் யோகா கிளாஸ் வைக்கலாம். அதுல போய்...” அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. “ஒருதடவை வெச்சுட்டா அப்புறம் நல்லதுக்கு யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க. நீங்களே யோசிங்க.”

“நான் யோசிச்சுத்தான் சார் எழுதினேன். நீங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்க.”

“பணம் வரணும்ல. அப்ப வேண்டாம்னு சொன்னா தெருவுக்கு வர்றது போயிடும்.”

இதை அவர் வெட்கமில்லாமல், ஒரு நிர்வாகத் திறமை போலச் சொன்னார். லூர்துராணிக்குக் காது சுட்டது. “மீட்டிங்குக்கு எங்களை யாரும் கூப்பிடலையே?”

“வாடகைக்கு இருக்கறவங்க சங்கத்துல மெம்பர் கிடையாதும்மா. பைலாவுல அப்படித்தான் இருக்கு.”

“எண்பத்தேழு குடும்பம்னு எழுதறப்ப எங்களையும் சேத்துத்தானே சார் எண்ணுனீங்க?”

ஜெய்சங்கர் ஓர் உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, “உங்களுக்கு அடுத்த மாசம் அக்ரிமென்ட் முடியுதுல்ல?” என்றார். குரலில் கடுமையே இல்லை. அதே நல்ல குரல்.

கதவோரம் மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். லூர்துராணி அந்தத் தண்ணீரைத் தொடாமல் இறங்கி வந்தாள்.  மனசில் இருந்தது பயமா கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை என்பது நிஜம். இந்த ஆளிடம் இன்னொரு தடவை தலையாட்டினால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது என்பதும் நிஜம்.

மறுநாள் அனிஷாவுக்குப் போன் போட்டாள். அவள் முழுசாகக் கேட்டாள், அதில் குறை சொல்ல முடியாது. “ரொம்பத் தப்பு ஆன்ட்டி. அப்ரூவ் ஆனதை மாத்தக் கூடாதுதான். ஆனா தெருக்காரங்களுக்குள்ள இருக்கற பிரச்சினையில நாங்க தலையிடக் கூடாதுன்னு எங்க ரூல் இருக்கு. நாளைக்கு நேர்ல வரேன்ல, எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசிடலாம்.” போனை வைக்கப் போனவள், தயங்கி, “ஆன்ட்டி, போட்டோ எடுப்பாங்க. எல்லாரும் கொஞ்சம் பளிச்சுனு கலர் புடவையா கட்டிட்டு வந்தா நல்லாருக்கும்” என்றாள்.

சேர்த்துவைக்கிறதுக்குப் பணம் கொடுப்பார்களாம். பிரித்துவைத்தால் தலையிடமாட்டார்களாம். லூர்துராணி போனைப் படுக்கையில் எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது துளசிபாயின் போன் வந்தது. அழுகை இல்லை. “ஆயிடுச்சு ராணி. வண்டி போட்டுட்டாங்க. எங்க கொண்டுவரச் சொல்லட்டும்?” என்று கேட்டாள். ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லூர்துராணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “நம்ம தெருவுக்குத்தான்க்கா. வாங்க” என்றாள்.

தெருவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. இரண்டு தூணிலும் வாழை மரம், மாவிலைத் தோரணம். வெளியே வரிசையாக நாற்காலிகள். உள்ளே பின்சுவரில் நீல எழுத்து, அதன் கீழே துடைத்துவைத்த குத்துவிளக்கு, ஐந்து முகத்துக்கும் ஐந்து திரி போட்டு எண்ணெய் ஊற்றித் தயாராக. ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு, மார்பு உயரத்தில், ரோஸ் கலர் ரிப்பன். ஜெய்சங்கர் பட்டுக்கரை வேட்டியில், கத்தரிக்கோல் வைத்த தாம்பாளத்தைக் கையில் பிடித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது வந்தது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், அதே இடத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “எங்கங்க இறக்கறது?” என்றார்.

 போர்ஷன்களிலிருந்து ஜனம் வெளியே வந்து நின்றது. வண்டிக்குள் துளசிபாய் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து, புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வளைவில் உருண்டுவிடுவார் என்கிற மாதிரி.

ஜெய்சங்கர் வேகமாக வந்தார். லூர்துராணியின் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் பேசினார். “பெரிய துக்கந்தான்மா. நானே சாயங்காலம் சுடுகாட்டுக்கு வரேன். ஒரே ஒரு அரை மணி நேரம். வண்டியை அடுத்த தெருவுல நிறுத்தச் சொல்லுங்க. விழா முடிஞ்சதும் இங்க ஓரமா நின்னு எல்லாரும் பாத்துக்கட்டும்.”

“எங்க வீட்டுக்காரர் நாப்பது நிமிஷம் நின்னாரு சார், இதே எடத்துல.”

“அது வேறம்மா, இது...”

“வேற இல்ல சார்.” குரல் உயர்ந்துவிடுமோ என்று அவள் பயந்திருந்தாள். உயரவில்லை. “வீட்டுக்குள்ள வேண்டாம்னீங்க. உங்க வீடுன்னு பேசாம இருந்தேன். இது உங்க வீடு இல்ல. அடுத்த மாசம் காலி பண்ணச் சொன்னா பண்றேன். இன்னிக்கு ராவ் சார் இங்கதான் இறங்குவாரு.”

சொல்லிவிட்டு அவள் தெருவைப் பார்த்தாள். கொட்டகைக்குப் பூட்டு இல்லை, கதவு இல்லை. ஒரு முழம் பத்து ரூபாய்க்கு விற்கிற ரிப்பன் ஒன்றுதான் இருந்தது. அதைத் தாண்ட அத்தனை பேருக்கும் தயக்கம். தரையில் இவர்கள் போட்ட சிமென்ட் இருக்கிறது, சுவரில் இவர்கள் சுமந்த செங்கல் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறார்கள். எத்தனை வருஷப் பழக்கம் இது, நிற்கச் சொன்னால் நிற்பது.

அப்துல் ரஹீம்தான் முதலில் அசைந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறந்தார். பிறகு இரண்டு பேர், பிறகு நாலாவது ஆள். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. தூண்களுக்கு முன்னால் வந்ததும் ரஹீம் திரும்பி, “அக்கா, ரிப்பன அறுத்துடவா?” என்றார்.

லூர்துராணி யோசித்தாள். “வேண்டாம்ங்க. அது அவங்க கட்டினது, அவங்களுக்கு இருக்கட்டும். நாம குனிஞ்சு போவோம்.”

நான்கு பேரும் முழங்காலை மடக்கிக் குனிந்தார்கள். ரிப்பன் ரஹீமின் முதுகை உரசிவிட்டு மேலே துள்ளியது. பீமராவ், பத்து நாள் தண்ணீர் நிறுத்திய தரையில் வந்து இறங்கினார். ஒரு கீறல் விடாத தரை.

துளசிபாய் குத்துவிளக்கைப் பார்த்தாள். தயாராக இருந்த ஐந்து திரியில் நான்கை எடுத்துக் கீழே வைத்தாள். மிச்சமிருந்த ஒற்றைத் திரியை ஏற்றி, விளக்கைப் புருஷனின் தலைமாட்டுக்கு நகர்த்தினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமாக, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், தன் வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.

ஜனம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவராக ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார்கள். உயரமானவர்கள் அதிகம் குனிந்தார்கள். மாடியிலிருந்து மைதிலி, திறப்புவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். புருஷன் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே தலையைக் குனிந்து உள்ளே போனாள். காரிலிருந்து இறங்கிய அனிஷா, கையில் சுருட்டிய பேனரோடு, கேமராக்காரரை அங்கேயே இருக்கும்படி கையால் தடுத்தாள். என்ன செய்வது என்று அவளுக்கு எந்த ரூலும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பேனரை நாற்காலியில் சாய்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

லூர்துராணி வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தாள். பீமராவின் கன்னத்தில் டியூப்பை ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது. துளசிபாயிடம் கண்ணால் கேட்டுவிட்டு, அதன் ஓரத்தை நனைத்தாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. யாரும் கிளம்பச் சொல்லவில்லை. நகத்தால் மெதுவாக நெருடி, தோல் இழுபடாமல் அதை உரித்து எடுத்தாள். நெற்றி, கண், மூக்கு, தாடை என்று துடைத்தாள். கை அந்த முகத்தில் இருந்தது, மனசு வேறொரு முகத்தில் இருந்தது. துணியை அலசுவதற்காகச் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்தபோது அது தரையில் கொட்டியது.

தண்ணீர் தேங்கவில்லை. ரஹீம் கொடுத்த வாட்டத்தில், உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக்கொண்டு, ரிப்பனுக்கு அடியில் வெளியே வந்தது. அங்கே ஜெய்சங்கர் தாம்பாளத்தோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். புதுச் செருப்பின் நுனி நனைந்தது. அவர் குனிந்து பார்த்தார். காலைப் பின்னால் எடுக்கவும் இல்லை, முன்னால் வைக்கவும் இல்லை.